ஒலியும் உழைப்பும்: மாணவர் கூட்டு ஒலியாக்கம் ஒன்று பற்றிய சில சிந்தனைகள்

1

இலக்கியக் கல்வி எமது பல்கலைக்கழகங்களில் நூலையும் நூலாசிரியனையும் மையமாகக் கொண்டே பெரிதும் நடைபெற்று வருகின்றது. ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியன் என்பது அங்கு வினாவுக்கு உட்படாத எடுகோளாகும். ஏட்டைப் பெயர்த்தெழுதியோர், பாடபேதம் கண்டோர், அச்சுக் கோத்தோர் முதலானோரின் உழைப்பு முகவுரையில் ஒரு நன்றி வாக்கியத்துடன் முடிந்துவிடுகின்றது. இத்தகைய கல்வியிற் பயின்ற மாணவர், பலர் கூடி உழைத்தாலன்றி உருப்பெறாத ஓர் ஆக்கத்தில் ஈடுபடும்பொழுது எத்தகைய சிக்கல்களை எதிர்நோக்குவர்? அச்சிக்கல்கள் இலக்கியக் கொள்கைக்கு எதனை உணர்த்தும்? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைகின்றன.

அண்மையில் மாணவர் ஒன்பதின்மர் கூடிப் பன்னிரண்டு நிமிட வீடியோ விவரணப்படம் ஒன்றுக்கு ஒலியமைத்தனர். மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் ஒரு நாளைக் காட்டுவது அப்படம். படப்பிடிப்பை வேறொரு மாணவர் குழு மேற்கொண்டிருந்தது. கமராவோடு இணைந்த ஒலிவாங்கியிற் பதிவாகியிருந்தவை காற்றிரைச்சலும் கமராவைக் கையாண்டோரின் பேச்சுமே. எனவே ஒலித்தடம் முழுவதையும் புதிதாக ஆக்கவேண்டியிருந்தது. இக்கட்டுரையாளர் அம்முயற்சியில் ஆலோசகராகப் பங்குகொண்டவர். படத்தின் நிறைகுறைகளை விமர்சிப்பது இங்கு நோக்கமன்று. ஒலியாக்கத்தின்போது எழுந்த ஒரு பிணக்கு, யாருடைய குரல் பேச்சாகவும் யாருடைய குரல் இரைச்சலாகவும் கொள்ளப்படுகின்றது என்னும் பிரச்சினையைத் துலக்கமாக வெளிப்படுத்தியது. அப்பிரச்சினை ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றுக்குப் புதியதன்று. ஆதலினால் அதனை விரிவாக நோக்குதல் பயனுடைத்து.

2

திரைக்கு ஒலி வந்த காலந்தொட்டே அதன் சமூகப் பயன்பாடு பற்றிய விவாதமும் தொடங்கிவிட்டது. 1928இல் சோவியத் நெறியாளர்களான ஐசன்ஸ்ரைன், புடோவ்கின், அலெக்சாந்திரோவ் ஆகிய மூவரும் ஒலி பற்றிக் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டனர். படிமத்தில் வாய் அசையும்போது அதே சொல்லைக் கேட்கச் செய்வதுடன் ஒலியின் பணி முடிந்துவிடுமாயின் திரைக்கலை மேடை நாடகத்தின் நகலாகத் தாழ்ந்துவிடும் என அவர்கள் அஞ்சினர். ஒலியும் படிமமும் ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் நின்று புதிய பொருளைத் தோற்றுவிக்க வேண்டும் என்பது அவர்களது நிலைப்பாடு. இன்னொரு சோவியத் கலைஞரான ஷீகா வேர்ற்றோவ், கலையகச் சுவர்களைக் கடந்து டொன்பாஸ் பிரதேசத்துச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டுசென்றார். 1930-31இல் வெளிவந்த ‘உற்சாகம்’ என்னும் அவரது படத்தில் உழைப்பின் ஓசை உழைப்பு நிகழும் இடத்திலேயே பதிவு செய்யப்பட்டது.

எமக்கு நேரடித் தொடர்புடையது 1934இல் உருவான ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் ஆங்கில விவரணப்படமாகும். பசில் றைற் நெறிப்படுத்திய இப்படத்தை ஜோன் கிரியர்சன் தயாரித்தார். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு ஆக்கப்பட்ட இது 1935இல் பிறசல்ஸ் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. விவரணப்பட வரலாற்றில் ஒலியின் படைப்பாற்றல்மிக்க பயன்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக இன்றும் இது பேசப்படுகின்றது. அப்புகழ் தகுதியற்றதன்று. இலங்கையிற் படமாக்கப்பட்ட காட்சிகளுக்கு இங்கிலாந்துக் கலையகத்தில் ஒலி சேர்க்கப்பட்டது. வோல்ற்றர் லீ இசையமைத்தார். ஒலியமைப்புக் கவல்காந்தியின் மேற்பார்வையில் நடைபெற்றது. ‘வணிகத்தின் குரல்கள்’ எனப் பெயரிடப்பட்ட மூன்றாம் பகுதியிற் சந்தை விலைகளும் வர்த்தகக் கட்டளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்க, திரையிலே தொழிலாளரின் உடல்கள் இயங்குகின்றன. மூலதனத்துக்கும் உழைப்புக்குமிடையேயான தொலைவை அக்காலத்து வேறெந்தப் படமும் ஒலியினால் இவ்வளவு கூர்மையாகக் காட்டியிருக்குமோ என்பது ஐயமே.

ஆயினும், அப்படத்தில் யார் பேசுகின்றனர் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். படத்தின் உரைப்பகுதி 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த கலைஞர் லயனல் வென்ற். கண்டியரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரின் எழுத்து, கொழும்பு மேற்குடிக் கலைஞரின் உச்சரிப்பு, இலண்டன் வணிகரின் குரல்கள் ஆகியன அதிற் கேட்கின்றன. கொழுந்து பறிப்பவர் காட்சி தருகின்றார். தமக்கெனக் கூற்று எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

இதனை அக்காலத் தொழில்நுட்பத்தின் போதாமை எனக் கூறி அமைந்துவிட முடியுமா? 1935இல் ஆர்தர் எல்ற்றன், எட்கார் ஆன்ஸ்ரி ஆகியோர் ஆக்கிய ‘ஹவுசிங் புறொப்ளம்ஸ்’ என்னும் படத்தில் இலண்டன் சேரிவாசிகள் தமது இல்லங்களில் நின்றபடி, எலியும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த வாழ்க்கையைத் தமது சொந்தப் பேச்சிலேயே கூறினர். பாரமான கருவிகளை இலங்கை மலைகளுக்குக் கொண்டுவருதல் எளிதன்று என்பது மெய்யே. ஆனால் எந்தச் சிரமத்தைத் தாங்கலாம், எதனைத் தாங்கவேண்டியதில்லை என்பதைத் தீர்மானிப்பது கருவியன்று. இலண்டன் தொழிலாளி வாக்குரிமை பெற்ற பிரசை. அவனது பேச்சைக் கேட்கவேண்டிய அரசியற் றேவை அங்கு இருந்தது. குடியேற்ற நாட்டுத் தோட்டத் தொழிலாளியின் பேச்சைக் கேட்பதற்குத் தேயிலைப் பிரசாரத்துக்கு எத்தேவையும் இருக்கவில்லை.

தமிழில் வாக்கு என்னும் சொல் பேச்சையும் குறிக்கும், தேர்தலில் அளிப்பதையும் குறிக்கும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழ் மக்களுட் பெரும்பாலோரிடமிருந்து இரண்டாவதைப் பறித்தன. முதலாவது பற்றிய எமது மாணவரின் அனுபவத்தை இனி நோக்குவோம்.

3

ஒலித்தடம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைச் சுருக்கமாக விளக்குதல் அவசியம். பார்வையாளருக்கு அது ஒரே ஓட்டமாகக் கேட்பினும், உண்மையில் நான்கு படைகளைக் கொண்டது. முதலாவது பேச்சு. இரண்டாவது சூழலொலி: காற்று, பறவை, தொலைவில் ஓடும் பஸ், அறையொன்றின் மௌனம் ஆகியன இதிலடங்கும். மௌனத்தையும் பதிவு செய்யவேண்டும் என்பது மாணவருக்கு வியப்பளித்தது. ஒவ்வோர் இடத்துக்கும் தனக்கேயுரிய மெல்லிய ஓசை உண்டு. பேச்சை வெட்டி ஒட்டுமிடத்தில் அவ்வோசை அறுபடுமாயின் வெட்டு உடனே காதிற் படும். எனவே பேச்சுப் பதிவு முடிந்ததும் எவரும் அசையாது நின்று, ஒரு நிமிடமளவில் அவ்விடத்தின் ஓசையை மாத்திரம் பதிவு செய்துகொள்வது வழக்கம்.

மூன்றாவது செய்கையொலி. காலடி, கதவு, பாத்திரம், துணி முதலியவற்றின் ஓசைகளைத் திரையைப் பார்த்தபடியே கலையகத்தில் நிகழ்த்திப் பதிவு செய்வர். அமெரிக்க ஸ்ரூடியோவொன்றிற் பணியாற்றிய ஜக் ஃபோலி என்பாரின் பெயராலேயே இக்கலை உலகெங்கும் அழைக்கப்படுகின்றது. நான்காவது இசை. இந்நான்கையும் அளவறிந்து இணைப்பதே ஒலிக்கலவை.

செய்கையொலியே மாணவருக்கு முதலில் நெருடலை ஏற்படுத்தியது. கொழுந்து பறிக்கும் ஓசையை மலையிலேயே பதிவு செய்ய முயன்றனர். பெண்களின் விரல்கள் மிக விரைவாக இயங்கின. ஒலிவாங்கியில் விழுந்ததோ துணிக்காற்றின் சரசரப்பு மட்டுமே. படத்தில் விரல்களை அண்மையிற் காட்டும்போது ஒலி இல்லாவிடின் அவ்வுழைப்பே பொய்போற் றோன்றியது. ஈற்றில் இரு மாணவர் கீரைத் தண்டுகளை ஒலிவாங்கியருகே ஒடித்து, ஓராயிரம் தடவைக்கு மேல் விரலசைவுக்கு ஒத்திசையச் செய்தனர். அறுபது வினாடிக் காட்சிக்கு இரு நாள் சென்றது. மலையில் ஒருத்தியின் உழைப்பு. அறையில் வேறிருவரின் உழைப்பு. முன்னையதைக் கேட்கச் செய்வதற்குப் பின்னையது தேவைப்பட்டது. செவ்வனே செய்யப்பட்டால் பின்னையது மறைந்துவிடும்.

“இது மோசடியல்லவா?” என்று ஒரு மாணவி வினவினார். யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்குமுள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடச் சிறந்த சந்தர்ப்பம் வகுப்பறையில் எளிதில் வாய்ப்பதில்லை. புறத்தோற்றத்தை உள்ளவாறே நகல்செய்தல் இயற்பண்புவாதம். உண்மையின் உள்ளார்ந்த இயக்கத்தைக் காட்டுதற்குப் புறத்தோற்றத்தைத் தெரிந்தெடுத்தும் திரட்டியும் அமைப்பது யதார்த்தவாதம். லூக்காஸ் நாவல் பற்றிக் கூறிய இவ்வேறுபாடு ஒலிக்கும் பொருந்துவதாகும். விரல்களின் வேகத்தையும் ஓயாமையையும் கீரைத்தண்டு உணர்த்துமாயின் அது பொய்யன்று என்ற முடிவுக்கு மாணவர் வந்தனர்.

ஆனால் இம்முடிவு அவர்களை ஆபத்தான ஓர் அனுமானத்துக்கும் இட்டுச் சென்றது. கொழுந்தின் ஓசைக்குக் கீரைத்தண்டு பிரதியாகலாம் எனின், ஒருவரின் குரலுக்கு இன்னொருவரின் குரலும் பிரதியாகலாமல்லவா? பிணக்கு இங்கேதான் முளைத்தது. அதற்கு முன், குழு எவ்வாறு இயங்கியது என்பதைக் கூறுதல் வேண்டும்.

4

தொடக்கத்தில் வேலைகள் பின்வருமாறு பகிரப்பட்டன: இடப்பதிவுக்கு இருவர், பேச்சுத் தொகுப்புக்கு இருவர், செய்கையொலிக்கு இருவர், சூழலொலிக்கு ஒருவர், இசைக்கு ஒருவர், ஒலிக்கலவைக்கு ஒருவர். பகிர்வு விருப்பத்தின் அடிப்படையில் நடைபெற்றது எனவே அனைவரும் கருதினர். சில நாட்களின் பின் பட்டியலை நோக்கியபோது, விருப்பத்தின் பின்னால் வேறு சில காரணிகள் தொழிற்பட்டிருந்தமை தெரியவந்தது. ஒலிக்கலவையை ஏற்றவர் சிறந்த மடிக்கணினியும் நல்ல ஹெட்போனும் வைத்திருந்தவர். ஒலிவாங்கியைத் தாங்கிச் சென்றோர் ஆண்கள். பதிவானவற்றை மணிக்கணக்காகக் கேட்டு எழுத்திற் பெயர்த்தோர் பெண்கள். அனுமதிக் கடிதம் எழுதுதல், தோட்டத்தாருடன் தொடர்புகொள்ளல், உணவு ஒழுங்குசெய்தல் என்பன பட்டியலிலேயே இடம்பெறவில்லை. அவற்றையும் பெண்களே செய்தனர்.

‘மூலதனம்’ முதலாம் தொகுதியிற் கூட்டுழைப்பை ஆராயுமிடத்து மார்க்ஸ் வாத்தியக் குழுவை உதாரணம் காட்டுகின்றார். பலர் கூடிச் செய்யும் வேலைக்கு நெறிப்படுத்துவோர் ஒருவர் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. மூன்றாம் தொகுதியில் அவ்வுதாரணத்துக்கு மீண்டு, நெறிப்படுத்துபவர் வாத்தியங்களின் உடைமையாளராக இருக்கவேண்டிய அவசியமில்லை என்கின்றார். நெறிப்படுத்தல் உழைப்பின் ஒரு கூறு. உடைமை முற்றிலும் வேறொன்று. இரண்டும் ஒன்றெனத் தோன்றுமாறு செய்வது முதலாளித்துவ உற்பத்தி உறவேயாகும். எமது குழுவிலும் கணினியை உடையவரே கலவையை நெறிப்படுத்துபவரானார். கலவையை நெறிப்படுத்தியமையால், எந்த ஒலி நிலைக்கும், எது நீங்கும் என்பதையும் இறுதியாகத் தீர்மானிப்பவரானார். அவர் அதிகாரத்தை விரும்பியவரல்லர். இரவு விழித்து உழைத்தவர். அதிகாரம் கருவியோடு கூடவே வந்துசேர்ந்தது.

இதனை உணர்ந்த குழுவினர் இரு மாற்றங்களைச் செய்தனர். கலவைக்குரிய கணினி அறையிலுள்ள பொது ஒலிபெருக்கியுடன் இணைக்கப்பட்டது. ஹெட்போனில் ஒருவர் கேட்டுத் தீர்மானித்தவற்றை இனி ஒன்பதின்மரும் கேட்கலாயினர். வேலைகள் வாரந்தோறும் சுழற்சிமுறையில் மாற்றப்பட்டன. முதலாவது மாற்றம் முழுப் பயன் அளித்தது. இரண்டாவது அரைப் பயனே அளித்தது. ஒலியைப் பிரித்துணரும் செவிப்பயிற்சி ஒரு வாரத்திற் கைகூடுவதன்று. புதியவர் செய்த கலவையைப் பழையவர் திருத்தவேண்டியிருந்தமையாற் காலதாமதம் ஏற்பட்டது. தொழிற்பிரிவினையை நல்லெண்ணத்தால் ஒரே நாளில் ஒழித்துவிடலாம் எனக் கருதுதல் கற்பனாவாதமாகும். அதேவேளை, எழுத்துப் பெயர்ப்பை ஒரு வாரமேனும் செய்த ஆண் மாணவர் அதன் பின்னர் அதனைச் சில்லறை வேலை என்று கூறவில்லை. பேச்சின் நுணுக்கங்களை அதிகம் அறிந்தோர் அதனைச் செய்தோரே என்பது விரைவில் தெளிவாயிற்று.

5

படத்தின் மையம், ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் தொழிலாளியான மூதாட்டி ஒருவரின் கூற்று. லயத்தில் அவருடைய அறை முன்றலில் அது பதிவு செய்யப்பட்டது. பதிவு தொடங்கிச் சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழையினூடே அவர் ஏறக்குறைய நாற்பது நிமிடம் பேசினார். அதிலிருந்து மூன்று நிமிடத்தைப் படத்திற் சேர்ப்பது நோக்கம். திரையில் அவருடைய கைகளும் அறையும் தோன்றும்.

கலையகத்தில் கேட்டபோது இடருண்டாயிற்று. காற்றின் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளை 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ் வடித்துவிடலாம், பேச்சு பாதிப்புறாது. மழையோ எல்லா அலைவெண்களிலும் பரந்து நிற்பது. சொற்களைப் பிரித்தறிவதற்கு இன்றியமையாத மெய்யொலிகள் தங்கும் 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியிலும் அது கலந்திருக்கின்றது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பிரயோகித்தபோது மழை குறைந்தது. கூடவே மூதாட்டியின் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோலாயிற்று.

மூன்று யோசனைகள் முன்வைக்கப்பட்டன. கூற்றின் சாரத்தை வானொலித் தமிழில் எழுதி மாணவியொருவர் வாசிப்பது முதலாவது. அமைதியான அறைக்கு மூதாட்டியை அழைத்துவந்து மீண்டும் பேசச் செய்வது இரண்டாவது. உள்ளதை உள்ளவாறே வைத்துக்கொள்வது மூன்றாவது. பெரும்பான்மையோர் முதலாவதையே ஆதரித்தனர். அவர்களது நியாயம் அலட்சியம் செய்யத்தக்கதன்று: படம் மலையகத்துக்கு வெளியே உள்ளோருக்கும் காட்டப்படவுள்ளது; அவர்களுக்கு விளங்காத கூற்றினால் அம்மூதாட்டிக்கு ஆவதென்ன?

ஆயினும் ‘தெளிவு’ என்னும் சொல் அவ்விவாதத்தில் இரு பொருளில் வழங்கியதை எழுத்துப் பெயர்ப்புச் செய்த மாணவியே முதலிற் சுட்டிக்காட்டினார். மழையினால் விளங்காத சொற்கள் சில. மழையே இல்லாத பகுதியிலும், மலையக வழக்கு என்பதனால் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் சேர்ந்த மாணவர் ‘தெளிவில்லை’ எனக் குறித்திருந்த சொற்கள் பல. பிரட்டு, பேர் போடுதல், அரைப்பேர் ஆகிய சொற்கள் அவருக்கு ஐயந்திரிபறத் தெளிவானவை. தோட்டப் பதிவேடும் கூலியும் அவற்றினாலேயே இயங்குகின்றன. கேட்போரின் அறியாமை பேசுவோரின் குறையாகப் பதிவாகியிருந்தது.

ஈழத்து இலக்கிய வரலாற்றை அறிந்தோருக்கு இது பழகிய குரலேயாகும். 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, புனைகதையிற் பேச்சுவழக்குக்கு இடமளிப்பதை மரபுவாதிகள் தமிழின் தூய்மையையும் தெளிவையும் காட்டியே எதிர்த்தனர். இழிசனர் வழக்கு என்ற சொற்றொடர் அவ்விவாதத்திற் பெரிதும் அடிபட்டது. முற்போக்கு எழுத்தாளர் அவ்விவாதத்தில் வென்றனர் என்றே இலக்கிய வரலாறுகள் கூறும். அச்சில் வென்றது உண்மை. செவியில் வென்றோமா என்பதே கேள்வி. 1925இற் கொழும்பில் ஆரம்பமான வானொலியும் 1982இல் வந்த ரூபவாஹினியும் தமிழ் அறிவிப்புக்கென ஓர் ஒழுங்கான உச்சரிப்பை நிலைநிறுத்தியுள்ளன. நாடகங்களிற் பிரதேச வழக்குகள் இடம்பெற்றனவாயினும், செய்தியும் விளக்கமும் கூறும் அதிகாரம் அவ்வுச்சரிப்புக்கே உரியதாயிற்று. பேச்சுவழக்கைக் கதையில் விரும்பிப் படிக்கும் மாணவர், அதே வழக்கு விளக்கவுரையாக ஒலிக்கும்போது தயங்கினர்.

இரண்டாவது யோசனையை மூதாட்டியே அறியாது நிராகரித்துவிட்டிருந்தார். பதிவில் ஓரிடத்தில், உரத்துப் பேசச் சிரமமாக உள்ளதா என்று மாணவரொருவர் வினவ, அவர் கூறியது இது: “மழ பேயுறப்ப லயத்துல நாங்க இப்படித்தான் பேசுவோம் தம்பி. மெதுவாப் பேசுனா பக்கத்துல இருக்கிறவுகளுக்கே கேக்காது.” இரைச்சலின் நடுவே பேசுவோரின் குரல் தானாகவே உயர்ந்து, தொனியும் மாறும் என்பதை எற்றியன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக்காட்டினார். அமைதியான அறையில் அதே சொற்களை மூதாட்டி கூறியிருப்பார்; அக்குரல் வந்திராது. குழுவில் இருந்த மலையக மாணவர் அதுவரை பெரிதும் மௌனம் சாதித்தவர். தகரத்துக்குக் கீழே உட்கூரை இல்லாமையாற்றான் மழை இவ்வாறு கேட்கின்றது. எந்த இரைச்சலை நீக்க முனைகின்றோமோ அதுவே அவ்வீட்டைப் பற்றிய செய்தி என அவர் கூறினார். அதன்பின் முதலாவது யோசனையை எவரும் வற்புறுத்தவில்லை.

கீரைத்தண்டு பிரதியாகலாம், குரல் பிரதியாகலாகாது என்பதற்கான காரணமும் அப்பொழுதே துலங்கியது. ஒடியும் கொழுந்து எவரையும் விளித்துப் பேசவில்லை. குரலோ ஒருவர் இன்னொருவருக்குக் கூறுவது. யார் கூறுகின்றார் என்பது அதன் பொருளிற் பாதி.

மழையையும் குரலையும் ஒருங்கே வைத்திருக்கும் கலவைக்குப் பதினோரு நாள் சென்றது. மூதாட்டி பேசுவதற்கு முன்னரே, அறையைக் காட்டும் காட்சியில் மழை மட்டும் இருபது வினாடி கேட்கும். பார்வையாளரின் செவி அதற்குப் பழகியதும் பேச்சு தொடங்கும். விளங்காத சொற்கள் திரையின் அடியில் எழுத்தாகத் தோன்றும். இசை அவ்விடத்தில் நீக்கப்பட்டது. சோக வயலின் ஒன்று ஆயத்தமாக இருந்தது. காட்சி ஏற்கனவே கூறுவதை இசை மீண்டும் கூறுதலை ஹான்ஸ் ஐஸ்லரும் அடோர்னோவும் திரையிசை பற்றிய தமது நூலிற் கண்டித்திருப்பதைப் படித்த மாணவரே அதனை விலக்கினர். இருவர் கூடி எழுதிய அந்நூல் 1947இல் வெளிவந்தபோது ஐஸ்லரின் பெயரை மட்டுமே தாங்கியிருந்தது என்பதும் கூட்டாக்கம் பற்றிய இக்கட்டுரைக்குப் பொருத்தமானதே.

6

கலவை நிறைவுற்றபின் மூவர் மீண்டும் தோட்டத்துக்குச் சென்று, கையடக்கத் தொலைபேசியிலும் ஹெட்போனிலும் மூதாட்டிக்கு அதனைக் காட்டினர். அவர் இருமுறை கேட்டார். குரலைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவர் எதுவும் கூறவில்லை. கொழுந்தின் நிறை எவ்வாறு குறைத்து எழுதப்பட்டது என அவர் விவரிக்கும் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். அதில் ஒருவரின் பெயர் வருகின்றது. “பேரு வர்ற எடத்த எடுத்துருங்க தம்பி. மகன் அங்கதான் வேல செய்யுறான்” என்றார்.

பெயரை மட்டும் நீக்குவது தொழில்நுட்ப ரீதியில் எளிது. ஆனால் அச்சம்பவத்தை அத்தோட்டத்தில் அறியாதோர் இல்லை. பெயர் இன்றியும் ஆள் அடையாளம் தெரியும். அவருடன் கலந்து பேசியபின் நாற்பது வினாடிப் பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. உழைப்புச் சுரண்டலை ஐயத்துக்கிடமின்றி எடுத்துரைத்த பகுதி அதுவே. குழுவினருட் சிலர் மனம் வருந்தினர். படத்தின் முதுகெலும்பே போய்விட்டது என்றார் ஒருவர். அவர் கூறியது மிகையன்று.

மக்களின் குரலை ஒலிக்கச் செய்தல் என்பது முற்போக்குக் கலை இலக்கியத்தின் நீண்டகாலக் குறிக்கோள். அக்குரலுக்குரியவர் அது ஒலித்தபின்னரும் அதே லயத்தில், அதே நிருவாகத்தின் கீழ் வாழ்கின்றார் என்பதை அக்குறிக்கோள் எப்பொழுதும் கணக்கில் எடுத்துள்ளதா? நாவலாசிரியன் பாத்திரத்தின் பெயரையும் ஊரையும் மாற்றிவிடலாம். அச்சு அவனுக்கு அப்பாதுகாப்பை வழங்குகின்றது. குரலுக்கு அத்தகைய முகமூடி இல்லை. எதனைக் குரலின் வலிமை என்று மேலே கூறினோமோ அதுவே அதனை உடையவருக்கு ஆபத்தாகவும் அமைகின்றது. வேற்றுக் குரலால் வாசிக்கச் செய்யும் முதலாவது யோசனை இவ்வோரிடத்திற் பயன்பட்டிருக்கலாமே என ஒரு மாணவி கூறினார். மூதாட்டியிடம் அதனையும் கேட்டுப் பார்த்தனர். தனது கதையை வேறு யாரும் சொல்ல வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார்.

7

இம்முயற்சியிலிருந்து பெறத்தக்க முடிவுகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

கூட்டாக்கம் என்பது பலர் ஓரிடத்தில் உழைத்தலால் மட்டும் நிறைவுறுவதன்று. கருவி யாருடையது, இறுதியிற் கேட்டுத் தீர்மானிப்பவர் யார், எந்த உழைப்பு பட்டியலிற் பெயர் பெறுகின்றது ஆகிய வினாக்களுக்கு விடை காணாதவரை கூட்டு என்பது வெறும் பெயரளவினதே. வால்ற்றர் பெஞ்சமின் 1934இல் எழுதிய ‘உற்பத்தியாளனாக எழுத்தாளன்’ என்ற உரையில், ஓர் ஆக்கம் தனது காலத்தின் உற்பத்தி உறவுகள் பற்றி என்ன கூறுகின்றது என்பதைவிட அவ்வுறவுகளுக்குள் அது எங்கு நிற்கின்றது என்று கேட்பதே முதன்மையானது என வாதிட்டார். தேயிலைத் தோட்டத்தின் உற்பத்தி உறவுகளைச் சித்திரிக்கப் புறப்பட்ட எமது மாணவர், தமது அறைக்குள் நிலவிய உறவுகளையும் நோக்கவேண்டியவராயினர்.

குரலைத் தந்தவரும் ஆக்கத்தின் பங்காளியாவார். அவருக்குப் பதிவை மீளக் காட்டுதலும், நீக்கும் உரிமையை அளித்தலும் மரியாதைக்காகச் செய்யப்படும் சடங்காக இருத்தல் கூடாது. படம் அதனால் வலுவிழக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவ்விழப்பை ஏற்கச் சித்தமாயிருப்பதே அவ்வுரிமை மெய்யானது என்பதற்குச் சான்று.

மொழித்துறைகள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. பிரதேச வழக்குகளை எழுத்திற் சேகரித்து அகராதிகளும் சொற்றொகுதிகளும் ஆக்கும் பணியில் எமது ஆய்வாளர் ஈடுபட்டு வந்துள்ளனர். அவ்வழக்குகளைப் பேசுவோரின் ஒலிப்பதிவுகள், அவர்களின் சம்மதத்துடனும் அவர்கள் விதிக்கும் நிபந்தனைகளுடனும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பேணப்படுதல் வேண்டும். இன்று அதற்குப் பெரும் செலவு இல்லை. கையடக்கத் தொலைபேசி ஒன்றும் பொறுமையும் போதும். ‘சோங் ஒஃப் சிலோன்’ காலத்தில் இலண்டன்வரை செல்லவேண்டியிருந்த வேலையை இன்று விடுதி அறையொன்றிற் செய்ய முடிகின்றது.

படத்தின் ஈற்றிற் பெயர்ப்பட்டியல் ஐம்பது வினாடி ஓடுகின்றது. ஒன்பதின்மரின் பெயர்களும் செய்த வேலைகளும் அகர வரிசையில் இடம்பெறுகின்றன. கடிதம் எழுதியோரும் சோறு சமைத்தோரும் அவற்றுள் அடங்குவர். மூதாட்டியின் பெயர், அவரது விருப்பத்துக்கு அமைய, இல்லை. அவ்வைம்பது வினாடியும் தகரத்தில் மழை பெய்துகொண்டிருக்கின்றது.